பப்ளிகேஷன் 54-ஐ ஒரு புத்தகமாகப் படித்தால்

அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வருஷா வருஷம் வெளியிடுகிற கையேடுகளில் 54-ஆம் எண் கொண்டது, வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கானது. இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். போன மாதம் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு புத்தகத்தை வாசிக்கிற மாதிரி, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். இதற்கு முன் பத்துத் தடவையாவது திறந்திருப்பேன். ஆனால் அப்போதெல்லாம் வேண்டிய வரியைத் தேடி, கிடைத்ததும் மூடிவிட்டேன். அப்படிப் படித்ததுதான் தப்பு என்பது இந்தக் கட்டுரையின் பாதி. அப்படித்தான் படிக்க முடிகிற மாதிரி அதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை. நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி, 2018 தொடக்கத்தில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்து, ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். வரிச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தது சொந்தக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு. அதைவிட மோசம், அப்படிப் படித்ததை வைத்து இன்னொருவருக்கு யோசனை சொன்னது. அந்தக் கதை கடைசியில் வரும்.

அடிப்படை இதுதான். உலகத்தில் பெரும்பாலான நாடுகள், எங்கே வசிக்கிறாய் என்று பார்த்து வரி போடும். அமெரிக்கா பாஸ்போர்ட்டைப் பார்த்தும் போடும். சின்ன அளவில் எரித்ரியாவும் இப்படிச் செய்கிறது, வெளிநாட்டில் இருக்கும் தன் மக்களிடம் 2 சதவீதம் கேட்கும். மெக்சிகோவில் வசித்த ஒரு அமெரிக்கர், அங்கேயே சம்பாதித்ததற்கு இங்கே எதற்கு வரி என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். குக் எதிர் டெயிட் என்ற அந்த வழக்கில் 1924-இல் தீர்ப்பு வந்தது. குடிமகனுக்கு அரசின் பாதுகாப்பு எங்கிருந்தாலும் உண்டு, அதனால் வரியும் உண்டு என்றார்கள். நூறு வருஷமாக அதுதான் நிலைமை.

ஒரே சம்பளத்துக்கு ரெண்டு நாட்டில் வரி கட்டினால் மனுஷன் தாங்கமாட்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் இரண்டு மருந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று 1918-இல் வந்த க்ரெடிட். வெளிநாட்டு அரசுக்குக் கட்டிய வருமான வரியை, அமெரிக்காவுக்குக் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஃபாரம் 1116. இன்னொன்று 1926-இல் வந்த விலக்கு. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு அளவு வரை வருமானக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். ஃபாரம் 2555. அன்றைக்கு விலக்குக்கு உச்சவரம்பு கிடையாது, அமெரிக்கச் சரக்கை வெளிநாட்டில் விற்கப் போகிறவர்களை ஊக்கப்படுத்துவதுதான் நோக்கம். 1953-இல் ஒரு பகுதிக்கு வரம்பு போட்டார்கள். 1978-இல் பெரும்பாலும் எடுத்துவிட்டு வேறு கழிவுகளைக் கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இன்றைக்கு விலைவாசியோடு ஏறுகிற தொகை. 2024-க்கு 1,26,500 டாலர், 2025-க்கு 1,30,000 டாலர்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்வது போலத் தெரியும், ஆனால் செய்கிற இடம் வேறு. விலக்கு வருமானத்திலிருந்து கழிக்கிறது, க்ரெடிட் வரியிலிருந்து கழிக்கிறது. விலக்கு கேட்க, அந்த நாட்டில் ஒரு பைசா வரி கட்டியிருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தாலே போதும், அல்லது ஒரு முழு ஆண்டு உண்மையாகவே அங்கே குடியிருந்ததாகக் காட்டவேண்டும். க்ரெடிட்டுக்கு, கட்டியிருந்தால்தான் உண்டு. (லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கீழே சம்பாதித்தால் தாக்கலே செய்யவேண்டாம் என்று ஒரு வதந்தி எல்லா ஊர்ச் சங்கத்திலும் சுற்றுகிறது. தவறு. விலக்கு தானாக வராது, தாக்கல் செய்து கேட்டால்தான் வரும்.)

இனி இரண்டும் மோதிக்கொள்ளும் இடம். ஒரு எடுத்துக்காட்டோடு போகலாம். எண்கள் 2024-ஆம் ஆண்டுக்கானவை, தனிநபர், சம்பளம் 1,50,000 டாலர், வேறு வருமானம் இல்லை.

இவர் துபாயில் இருக்கிறார் என்று வைப்போம். அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை, எனவே க்ரெடிட் பூஜ்யம். விலக்கு எடுக்காவிட்டால், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 போக 1,35,400-க்கு வரி 25,538 டாலர். விலக்கு எடுத்தால் மிச்சம் 23,500. அதிலும் 14,600 போக 8,900-க்குத்தான் வரி. இங்கே பலர் 10 சதவீதம் போட்டு 890 டாலர் என்று சந்தோஷப்படுவார்கள். இல்லை. விலக்கிய பணம் கணக்கில் இல்லாவிட்டாலும், வரிப் படிகளின் கீழ்ப்படிகளை அதுதான் அடைத்துக்கொண்டு நிற்கும். மிச்சம் மேல்படியிலிருந்து தொடங்கும், அதாவது 24 சதவீதம், 2,136 டாலர். 2006 மே மாதம் கையெழுத்தான சட்டம் இதைக் கொண்டுவந்து, அந்த வருஷ ஜனவரியிலிருந்தே அமல் என்றது. ஏற்கெனவே ஐந்து மாதச் சம்பளம் வாங்கிச் செலவழித்தவர்கள் கத்தினார்கள். கத்தியது நியாயம். ஆனால் விதியும் நியாயம்தான் என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளூரில் 8,900 சம்பாதிப்பதும், லட்சத்து ஐம்பதாயிரம் சம்பாதிப்பவரிடம் 8,900 மிஞ்சுவதும் ஒன்றல்ல.

அதே ஆளை ஜெர்மனிக்குக் கொண்டுவருவோம். அங்கே வருமான வரியாக 50,000 டாலர் கட்டுகிறார் என்று வையுங்கள். விலக்கே வேண்டாம் என்றால், அமெரிக்க வரி 25,538. அதற்குச் சமமாக க்ரெடிட். கட்டவேண்டியது பூஜ்யம். உபயோகப்படாமல் மிஞ்சிய க்ரெடிட் 24,462 டாலர். இது வீணாகாது. ஒரு வருஷம் பின்னாலும் பத்து வருஷம் முன்னாலும் கொண்டுபோகலாம். இதே ஆள் விலக்கும் எடுத்தால்? விலக்கிய பணத்துக்குக் கட்டிய வெளிநாட்டு வரிக்கு க்ரெடிட் கிடையாது என்கிறது 911-ஆம் பிரிவு. விலக்கியது சம்பளத்தில் 150-க்கு 126.5 பங்கு. எனவே கட்டிய 50,000-த்தில் 42,167 டாலர் காற்றில் போய்விடும். மிச்சம் 7,833. அதில் 2,136-ஐ அமெரிக்க வரிக்குக் கழித்தால், எடுத்துப்போக மிஞ்சுவது 5,697.

இரண்டு வழியிலும் இந்த வருஷம் கட்டவேண்டியது பூஜ்யம். அதனால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். ஆனால் ஒருவர் கையில் 24,462, இன்னொருவர் கையில் 5,697. கிட்டத்தட்ட 18,800 டாலர் வித்தியாசம், யாரும் பார்க்காத ஒரு அட்டவணையில் மட்டும் தெரிகிற வித்தியாசம். ஃபாரம் 1116-க்கு ஷெட்யூல் பி என்று ஒரு வால் உண்டு, அங்கேதான் இது உட்கார்ந்திருக்கும். விலக்கு மட்டும் எடுத்துப் பூஜ்யம் வந்தவர் 1116-ஐத் தொட்டிருக்கவே மாட்டார். அவருக்குத் தான் எதை இழந்தோம் என்று சொல்லக்கூட ஒரு தாள் இல்லை.

ஒரே பணத்துக்கு ரெண்டு சலுகை கிடையாது என்கிற இந்த விதியையும் நான் குறை சொல்லவில்லை. சரியான விதி. என் குறை வேறு. அதிக வரி போடும் நாட்டில் இருப்பவருக்கு விலக்கு பெரும்பாலும் பிரயோஜனமில்லை, பல நேரம் நஷ்டம். வரியே இல்லாத நாட்டில் இருப்பவருக்கு அது உயிர். இந்த ஒரு வாக்கியத்தைக் கையேடு எங்குமே சொல்வதில்லை. முழுசாகத் தேடிவிட்டேன்.

கையேட்டின் அமைப்பைப் பாருங்கள். நான்காம் அத்தியாயம் முழுக்க விலக்கு. தகுதி, நாள் எண்ணும் முறை, வீட்டு வாடகைக்கான கூடுதல் விலக்கு, எடுத்துக்காட்டுகள் என்று விலாவாரியாகப் போகிறது. எழுதியவர் இதில் ஊறியவர் என்று தெரிகிறது. நள்ளிரவில் விமானம் எந்த நாட்டுக்கு மேலே பறந்தது என்பது வரை கவலைப்படுகிறார். க்ரெடிட் ஐந்தாம் அத்தியாயத்தில், மற்றக் கழிவுகளோடு கழிவாக, சின்ன இடத்தில் வருகிறது. விவரம் வேண்டுமா, 514-ஆம் கையேட்டைப் பார் என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த 514, விலக்கு எடுத்திருந்தால் க்ரெடிட்டை எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தரும். எடுக்கலாமா என்று கேட்காது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு மண்டபத்திலும் பெண் வீட்டார் இன்னொரு மண்டபத்திலும் உட்கார்ந்திருப்பது மாதிரி. ரெண்டு பக்கமும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, முகூர்த்தம்தான் நடக்கவில்லை.

அரசாங்கக் கையேடு யோசனை சொல்லக் கூடாது, விதியை மட்டும் சொல்லவேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. சட்டம் படித்த ஒருவர் என்னிடம் சொன்னார். ஒத்துக்கொண்டிருப்பேன், கையேடு நடுநிலையாக இருந்தால். ஒரு வழிக்கு ஒரு முழு அத்தியாயமும் இன்னொன்றுக்குச் சில பத்திகளும் கொடுப்பதே ஒரு யோசனைதானே. அந்த யோசனையைத்தான் வரி மென்பொருள்களும் எடுத்துக்கொள்கின்றன. நான் முதல் வருஷம் பயன்படுத்திய மென்பொருள், வெளிநாட்டுச் சம்பளம் உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன். 330 நாள் இருந்தீர்களா என்றது. இருந்தேன் என்றேன். கட்டவேண்டியது பூஜ்யம் என்று பச்சையில் காட்டியது. பச்சையைப் பார்த்தபின் யார் அடுத்த பக்கம் போவார்கள்?

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். எனக்குச் சம்பளம் டாலரில் 60,000 வாக்கில். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல், இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் உண்டு. விலக்கு எடுத்தால் சம்பளம் முழுசும் மறைந்துவிடும், வரி பூஜ்யம், கதை முடிந்தது. எடுக்காவிட்டால், 2024 எண்ணில் சொன்னால், 29,200 போக 30,800-க்கு வரி 3,232. ஜெர்மனியில் இதைவிட அதிகமாகவே கட்டியிருக்கிறேன், எனவே க்ரெடிட் அதைத் துடைத்துவிடும். மறுபடியும் பூஜ்யம். ஆனால் இப்போது பிள்ளைகளுக்கான க்ரெடிட் வருகிறது. அதில் ஒரு பகுதி, கட்டவேண்டிய வரி இல்லாவிட்டாலும் கையில் பணமாகத் திரும்ப வரும். 2024-இல் பிள்ளைக்கு 1,700 வரை. ரெண்டு பிள்ளைக்கு 3,400 டாலர். ஃபாரம் 2555 தாக்கல் செய்திருந்தால் அந்தப் பணம் கிடையாது. ஒரு டாலர் விலக்கினாலும் கிடையாது.

இந்தத் தடை 2015-இல் வந்தது, ஒரு வர்த்தகச் சட்டத்தின் வால்பகுதியில், வருவாயை ஈடுகட்டச் சேர்த்த பிரிவுகளில் ஒன்றாக. இதற்குச் சொல்லப்படும் நியாயம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பளத்தையே கணக்கில் காட்டாமல் விலக்கிவிட்டு, அந்தச் சம்பளத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பணம் கேட்கலாமா? கேட்கக் கூடாதுதான். ஆனால் க்ரெடிட் வழியில் போனவனும் அமெரிக்காவுக்கு ஒரு டாலர் கட்டவில்லையே, அவனுக்கு 3,400 வருகிறதே. ஒரே குடும்பம், ஒரே சம்பளம், ஒரே பூஜ்யம். எந்தத் தாளை நிரப்பினான் என்பதைப் பொறுத்து 3,400. கொள்கை என்று சொல்ல முடியாது இதை. தெரிந்தவனுக்குப் பரிசு, தெரியாதவனுக்கு அபராதம், அவ்வளவுதான்.

நான் தெரியாதவன். 2018-லிருந்து 2022 வரை ஐந்து வருஷம் பச்சைப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். 2023 செப்டம்பரில் தற்செயலாகக் கையேட்டில் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. ரீஃபண்ட் கேட்க மூன்று வருஷம்தான் அவகாசம். 2018-உம் 2019-உம் போச்சு, 5,600 டாலர். 2020, 2021, 2022 மூன்றையும் திருத்தித் தாக்கல் செய்து, விலக்கைக் கைவிடுகிறேன் என்று ஒரு தாள் வைத்து அனுப்பினேன். 8,600 டாலர் காசோலைகளாக வந்தது. அந்த வாரம் வீட்டில் என்னைப் பெரிய வரி நிபுணர் மாதிரி பார்த்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

இங்கேதான் அண்ணாச்சி வருகிறார். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், பொறியாளர். குடும்பத்தில் எல்லாருமே அமெரிக்கக் குடிமக்கள், அவருக்கும் ரெண்டு பிள்ளைகள். 2021-இல் ஜெர்மனி வந்தவர். அப்போது சம்பளம் 1,10,000 டாலர் அளவில், ஜெர்மன் வருமான வரி 20,000 வாக்கில். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் என் கதையைச் சொன்னேன். 2022 கணக்கை அவர் இன்னும் அனுப்பவில்லை, அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்கி வைத்திருந்தார். "அப்ப நானும் மாத்திரட்டுமா தம்பி?" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க அண்ணாச்சி" என்றேன்.

மாற்றினார். 2022-க்கு 3,000, 2023-க்கு 3,200 வந்தது. பிரியாணி போட்டார்.

2024 ஜனவரியில் அவருக்கு துபாயில் வேலை கிடைத்தது. 1,50,000 டாலர். போன பிறகுதான் போனில் கேட்டார், "இங்க வரியே இல்ல, இனிமே அந்த விலக்கத்தான எடுக்கணும்?" பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், நான்காம் அத்தியாயத்தில் வேகமாகத் தாண்டிப்போன ஒரு பத்தி ஞாபகம் வந்தது. விலக்கைக் கைவிட்டால், அதற்கடுத்த ஐந்து வரி ஆண்டுகளுக்கு ஐ.ஆர்.எஸ். அனுமதி இல்லாமல் மறுபடி எடுக்க முடியாது. 2022-இல் கைவிட்டார். 2028 வரை கதவு சாத்தியிருக்கும்.

அந்தப் பத்தி கையேட்டில் இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கான பணம் பற்றிய வரியும் தெளிவாகவே இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, இதற்காக அதை விட்டால் அது ஐந்து வருஷம் திரும்பி வராது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்க வேண்டியவன் நான், எனக்கும் அப்போது பாதிதான் தெரியும்.

அவர் கணக்கை மூன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். முதல் ராத்திரி முடிவில் நம்பவே முடியவில்லை. 2024-இல் துபாய்ச் சம்பளத்துக்கு அமெரிக்க வரி 16,682. ஆனால் 2022-இலும் 2023-இலும் விலக்கு எடுக்காததால், ஜெர்மன் வரியில் மிஞ்சிய க்ரெடிட் ஏறத்தாழ 20,800 டாலர் அவர் பெயரில் இருந்தது. வேலை செய்து வாங்கும் சம்பளம் எந்த நாட்டில் வாங்கினாலும் க்ரெடிட் கணக்கில் ஒரே கூடை. ஜெர்மனியில் மிஞ்சியதை துபாயில் செலவழிக்கலாம். 16,682 முழுசும் அதிலேயே தீர்ந்தது. வரி பூஜ்யமாகிவிட்டதால் பிள்ளைகளுக்கான பணம் 3,400-உம் வந்தது. அதாவது அந்த வருஷம் எந்த நாட்டுக்கும் வருமான வரி கட்டாமல், அமெரிக்காவிடமிருந்து பணம் வாங்கினார். "நீ நிபுணன்டே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் ராத்திரிக் கணக்கு அப்போது முடிந்திருந்தது.

2025-இல் மிச்சம் இருந்த க்ரெடிட் 4,100 சொச்சம்தான். வரி 15,898. அதில் இதைக் கழித்து, பிள்ளைகளுக்கான 4,400-ஐயும் கழித்தால், கட்டவேண்டியது 7,350 டாலர் வாக்கில். 2026-இலும் 2027-இலும் கழிக்க எதுவும் இல்லை. சம்பளம் ஏறாமல் இருந்தாலும் வருஷத்துக்குப் பதினோராயிரம் போல வரும். ஆக மூன்று வருஷத்தில் சுமார் 29,000. விலக்கைக் கைவிடாமலே இருந்திருந்தால் இந்த மூன்று வருஷமும் அவருக்குப் பூஜ்யம். என் யோசனையால் அவருக்கு வந்தது மொத்தம் 9,600.

விலக்கைத் தொடர்ந்து எடுத்திருந்தால் ஜெர்மன் வரியில் மிஞ்சியிருக்கக்கூடிய க்ரெடிட்டும் பூஜ்யம்தான் என்பதையும் சொல்லவேண்டும். சம்பளம் முழுதும் வரம்புக்குள் இருந்ததால் ஒரு டாலர் கூடத் தேறியிருக்காது. அவர் ஜெர்மனியிலேயே இருந்திருந்தால் நான் சொன்னது சரி. துபாய்க்குப் பதில் பெல்ஜியம் போயிருந்தாலும் சரி. ஆறு வருஷம் கழித்து துபாய் போயிருந்தால் ரெட்டைச் சரி, கையில் க்ரெடிட்டும் இருந்திருக்கும், கதவும் திறந்திருக்கும். வேலை எங்கே கிடைக்கும் என்று ஐந்து வருஷம் முன்பே தெரிந்தவருக்கு எழுதின சட்டம் இது.

ஐந்து வருஷப் பூட்டு எதற்கு? வருஷா வருஷம் எது லாபமோ அதை மாற்றி மாற்றி எடுக்கக் கூடாது என்பதற்கு. அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரு ஒழுங்கான தடையாக அது வேலை செய்யவில்லை. முதலிலேயே விலக்கை எடுக்காதவன், பத்து வருஷம் க்ரெடிட்டில் இருந்துவிட்டு, நினைத்த வருஷம் விலக்குக்கு மாறலாம், யாரிடமும் கேட்கவேண்டாம். தெரியாமல் ஒரு தடவை எடுத்து, பிறகு தெரிந்து விட்டவன்தான் மாட்டுவான். முதல் வருஷம் மென்பொருள் காட்டிய பச்சையை நம்பியவனுக்குத்தான் இந்தப் பூட்டு. இதை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் நியாயம் கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற சிலருக்காக ஒரு பத்தி. அப்பா அம்மா அமெரிக்காவில் இருந்தபோது பிறந்து, குழந்தையாக ஊர் திரும்பி, இப்போது வீட்டிலிருந்தபடி ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவர்கள். பாஸ்போர்ட் அமெரிக்கன். உங்களுக்கு விலக்கு வருமான வரியை நீக்கும், சுயதொழில் வரியை நீக்காது. க்ரெடிட்டும் அதைத் தொடாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை, ஜெர்மனியோடு உண்டு. 40,000 டாலர் சம்பாதித்தால் 5,652 டாலர் தனியாகக் கட்டவேண்டும். இன்னொன்று, விலக்கிய பணம் ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்கால சேமிப்புக்குச் சம்பாத்தியமாகக் கணக்காகாது. எல்லாவற்றையும் விலக்கிவிட்டு அதில் பணம் போட்டால், எடுக்கிற வரை வருஷத்துக்கு 6 சதவீதம் தண்டம். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதும் அவர்கள் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதும் க்ரெடிட் போடும்போது தரும் தலைவலி தனி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். நான் எழுதியிருந்தால் நான்காம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் சேர்த்திருப்பேன். இரண்டு ஃபாரமும் பக்கத்தில் பக்கத்தில், ஜெர்மனிக்கு ஒரு குடும்பம், துபாய்க்கு ஒரு குடும்பம், மூன்றாவது வருஷம் முதல் குடும்பம் துபாய்க்குப் போகிறது என்று ஒரு எடுத்துக்காட்டு. விமானம் நள்ளிரவில் எங்கே பறந்தது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

மூன்றாம் ராத்திரி படித்தது கையேட்டை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஒழுங்குமுறை விதியை. ஐந்து வருஷத்துக்குள் மறுபடி விலக்கு கேட்டால் ஐ.ஆர்.எஸ். எதையெல்லாம் பார்க்கும் என்று அதில் இருக்கிறது. இடையில் அமெரிக்காவில் குடியிருந்தாரா, வேலை கொடுத்தவர் மாறினாரா, அந்த நாட்டின் வரிச் சட்டம் பெரிதாக மாறியதா, வேறு வரி விகிதம் உள்ள இன்னொரு நாட்டுக்குப் போனாரா. அண்ணாச்சிக்கு இதில் இரண்டு அப்படியே பொருந்தும். ஆனால் அனுமதி கேட்பதற்கே தனிக் கட்டணம் உண்டு, ஆயிரக்கணக்கான டாலர். மனு எழுதுகிற வக்கீலுக்கு வேறு.

அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பினேன், பொருந்தும் இரண்டு வரியையும் கோடு போட்டு, கட்டணத்தில் பாதி என்னுடையது என்று ஒரு குறிப்போடு. ரெண்டு நாள் கழித்து ஃபாரம் 2555-இன் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் ஆறாவது வரியில் ஒரு கேள்வி இருக்கிறது, இந்த விலக்கை எப்போதாவது கைவிட்டிருக்கிறீர்களா என்று. ஆம் என்றால் எந்த ஆண்டு என்று எழுத ஒரு கோடு. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "இத மொதல்லயே பாத்துருந்தா நீயும் கேட்டுருப்ப, நானும் கேட்டுருப்பேன். ஜூன் 15-க்குள்ள வக்கீலப் பாக்குறேன். பாதியெல்லாம் வேண்டாம், மனுவ நீ ஒரு தடவ படிச்சுரு, இந்தத் தடவ முழுசா."